கால் சுடுது, உடம்பு குளிருது

“ஒண்ணும் தெரியாதும்மா, பயப்படாதீங்க.”

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்யப்போகிறவரிடம் சர்ஜன் இதைச் சொல்வார், சிஸ்டர் சொல்வார், ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வருகிறவர் சொல்வார், போன வருஷம் சிசேரியன் ஆன நாத்தனார் போனில் சொல்வார். எனக்கு இந்த வாக்கியத்தோடு நெடுநாள் பகை. நான் மயக்க மருத்துவர். தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவள். ஒன்றும் தெரியாது என்று நம்பி வந்தவர்களுக்கு என்னென்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலையில் பாதி.

“கால் சுடுது டாக்டரம்மா.” இது ஊசி போட்ட கையோடு.

“யாரோ வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க.” இது தோலைக் கீறியாகிவிட்ட பிறகு.

“மடக்குன கால கொஞ்சம் நீட்டி விடுங்க.” கால் நீட்டித்தான் இருக்கும்.

“குளிருதும்மா, தாங்கல.” சற்று முன்பு கால் சுடுகிறது என்று சொன்ன அதே ஆள்.

இதில் எதுவும் மருந்து பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம் இல்லை. பிடித்திருக்கிறது என்பதற்குத்தான் அடையாளம். ஆனால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கூட்டிவந்த ஆளுக்கு ஏதாவது ஒன்று தெரிந்ததும் நெஞ்சு படபடக்கிறது. ஊசி வேலை செய்யவில்லை, இப்போது கத்தி வைக்கப்போகிறார்கள் என்று அவர் பயப்பட, மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறுவதை நான் பார்க்கிறேன். மரத்துப்போவது ஒரே அடியில் நடக்கிற காரியம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை. எனவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், காபி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஊசி எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்துக்குள் குத்துகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கொத்தாகத் தண்டுவட நீரில் மிதந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கத்து இடுப்பெலும்பின் உச்சியையும் விரலால் தடவி, ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொண்டால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பைத் தொட்டுப் போகும். அந்தக் கோட்டை ஒட்டித்தான் குத்துகிறோம். 25 கேஜ், 27 கேஜ் என்கிற ஊசி அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். உள்ளே போனதும் ஊசியின் பின்பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிந்த நீர் சொட்டும். அதைப் பார்த்ததும் இரண்டு மூன்று மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்தி ஊசியை உருவிவிடுவோம்.

அந்த மருந்து பெரும்பாலும் புபிவகேயின். தியேட்டரில் நாங்கள் அதை ‘ஹெவி’ என்று கூப்பிடுவோம். ஒரு மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம் குளுக்கோஸ் கலந்திருப்பதால் தண்டுவட நீரைவிட அதற்கு எடை அதிகம். குளுக்கோஸ் சேர்த்துக் கனமாக்கும் யோசனை 1907இல் லண்டனில் ஆர்தர் பார்க்கர் என்ற சர்ஜன் செய்து காட்டியது. கனமான மருந்து பள்ளம் தேடி இறங்கும். மல்லாந்து படுத்தால் முதுகெலும்பின் வளைவில் இடுப்புப் பகுதி மேடு, நடுமுதுகு பள்ளம். ஆகவே இடுப்பில் போட்ட மருந்து நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதி வரை வழிந்து ஏறுகிறது. ஊசி போட்ட முதல் சில நிமிடங்கள் நாங்கள் மேசையைத் தலைப்பக்கம் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருப்பது இதனால்தான். நோயாளிக்கு அது ஊஞ்சல் ஆட்டுவதாகத் தோன்றும். சர்ஜனுக்கு நேரவிரயமாகத் தோன்றும்.

இந்த ஊசியின் பிறப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவ வரலாற்றில் இதைவிட விசித்திரமான ஒரு மாலைப்பொழுதை நான் படித்ததில்லை.

ஜெர்மனியின் கீல் நகரம். தண்டுவட நீரை ஊசி குத்தி எடுக்கும் முறையை குவின்கே என்ற மருத்துவர் 1891இல் அங்கே காட்டியிருந்தார். அதே ஊரில் சர்ஜனாக இருந்த ஆகஸ்ட் பியர், நீரை எடுக்கிற வழியிலேயே மருந்தை உள்ளே அனுப்பினால் என்ன என்று நினைத்தார். அன்றைக்கு உணர்வை மழுக்குவதற்குக் கைவசம் இருந்தது கொக்கேயின். 1898 ஆகஸ்ட் 16ஆம் தேதி, கணுக்கால் மூட்டில் காசநோய் பிடித்த 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு முதுகில் ஊசி போட்டு, வலியில்லாமல் ஆபரேஷனை முடித்தார். அடுத்தடுத்து இன்னும் சிலருக்கும் போட்டார். வலி இல்லைதான், ஆனால் பிற்பாடு சிலருக்குத் தலைவலியும் வாந்தியும். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள பியர் தன் முதுகையே கொடுத்தார். ஆகஸ்ட் 24ஆம் தேதி உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியைக் குத்தினார். குத்திய பிறகுதான் சிரிஞ்சு ஊசியில் பொருந்தவில்லை என்று தெரிந்தது. பியரின் தண்டுவட நீர் ஒழுகிக்கொண்டிருக்க, மருந்தில் பெரும்பகுதி வெளியே சிந்தியது. சோதனை கெட்டது. உடனே ஹில்டபிராண்ட், என் முதுகில் போடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மில்லிகிராம் கொக்கேயின். பிறகு பியர் நிமிடக் கணக்கோடு குறிப்பு எழுதினார். ஏழாவது நிமிடம் தொடையில் ஊசி குத்தினால் அழுத்தம் மட்டும் தெரிந்தது. பதின்மூன்றாவது நிமிடம் எரிகிற சுருட்டைக் காலில் வைத்தார். சூடு தெரிந்தது, வலிக்கவில்லை. இருபத்து மூன்றாவது நிமிடம் இரும்புச் சுத்தியலால் முன்னங்கால் எலும்பில் ஓங்கி அடித்தார்; வலியில்லை. வேறு சில இடங்களைப் பிடித்து இழுத்தும் நசுக்கியும் பார்த்தார். எந்த இடங்கள் என்று எழுதினால் இதைப் படிக்கிற ஆண்கள் நெளிவீர்கள், விட்டுவிடுகிறேன். முக்கால் மணி நேரத்தில் உணர்வு திரும்பியதும் இருவரும் ஒயின் குடித்து, சுருட்டு பிடித்துக் கொண்டாடினார்கள். அதன் பலனை மறுநாளிலிருந்து அனுபவித்தார்கள். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் அடங்கும் என்ற நிலையில் பியர் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். ஹில்டபிராண்டுக்குத் தலைவலி, வாந்தி, அடிவாங்கிய காலில் வலி.

தலைவலியைப் பற்றி எங்கள் பாடப்புத்தகங்கள் நிறையப் பேசும். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சுருட்டுக் குறிப்புதான். சூடு தெரிந்தது, வலிக்கவில்லை. சூட்டுக்கு ஒரு பாதை, வலிக்கு ஒரு பாதை, அழுத்தத்துக்கு இன்னொரு பாதை என்று ஒரே காலில் எல்லாம் பிரிந்து பிரிந்து நிற்பதை ஹில்டபிராண்ட் தன் உடம்பிலேயே கண்டுவிட்டார். அதே பிரிவினையைத்தான் நான் தினமும் தியேட்டரில் பார்க்கிறேன்.

நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் அயனிகள் உள்ளே நுழைவதால். புபிவகேயின் போன்ற மருந்துகள் அந்த நுழைவாயிலை அடைக்கின்றன. நரம்பிழைகளில் தடித்தவை உண்டு, மெல்லியவை உண்டு. இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் தானியங்கி நரம்புகள் மெல்லியவை. குளிர்ச்சியும் வலியும் அதைவிட அதிகம் தடிக்காத இழைகளில் வருகின்றன. தொடுதலும் அழுத்தமும் தடித்த இழைகளில். தசையை அசைக்கும் இழைகள் எல்லாவற்றிலும் தடிமன். முதுகு ஊசியில் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் ஒவ்வொன்றாக அடங்குகிறது: முதலில் இரத்தக் குழாய், பிறகு குளிர்ச்சி, பிறகு குத்துகிற வலி, பிறகு தொடுதல், அதோடு தசை. ‘மெல்லியது முதலில் விழும்’ என்று மாணவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்போம். முழு உண்மை அவ்வளவு எளிதல்ல. தனி நரம்பை எடுத்து ஆய்வகத்தில் மருந்தில் ஊறவைத்தால் இந்த வரிசை அப்படியே வருவதில்லை. மருந்து எந்த உயரத்தில் எவ்வளவு செறிவாக இருக்கிறது, நரம்பு வேர் எவ்வளவு நீளம் மருந்தில் நனைகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இடுப்புக்கு அருகே மருந்து கெட்டியாக இருக்கும், மேலே போகப் போக நீர்த்துவிடும். நீர்த்த இடத்தில் எளிதில் அடங்குவது மட்டும் அடங்கும். அதனால்தான் ஒரே உடம்பில், குளிர்ச்சி தெரியாத எல்லை உயரத்தில், வலி தெரியாத எல்லை அதற்குக் கொஞ்சம் கீழே, தொட்டால் தெரியாத எல்லை அதற்கும் கீழே என்று மூன்று கோடுகள் விழுகின்றன.

இப்போது அந்த முதல் புகாருக்கு வருவோம். கால் ஏன் சுடுகிறது?

தியேட்டருக்கு வரும்போது பெரும்பாலோர் பாதம் ஐஸ் போல இருக்கும். பயம், பட்டினி, ஏ.சி. உள்ளங்கால், கால்விரல், உள்ளங்கை, மூக்கு நுனி, காது மடல் ஆகிய இடங்களில் தமனியிலிருந்து நேரே சிரைக்குப் போகும் குறுக்குப் பாதைகள் தோலுக்கடியில் ஏராளமாக உள்ளன. உடம்பின் சூட்டை வெளியே விடவும் உள்ளே அடக்கவும் உடம்பு பயன்படுத்தும் கதவுகள் அவை. தானியங்கி நரம்புகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். ஊசி போட்டதும் அந்தப் பிடி தளர்கிறது. சூடான இரத்தம் பாதத்துக்குள் பாய்கிறது. கால் விரலின் தோல் சூடு சில நிமிடங்களில் பல டிகிரி ஏறிவிடும். தொடையிலும் கெண்டைக்காலிலும் இந்தக் குறுக்குப் பாதைகள் இல்லாததால் அங்கே அவ்வளவு வித்தியாசம் தெரியாது. நான் பார்ப்பது பெருவிரலைத்தான். கையுறையைக் கழற்றிவிட்டுப் பெருவிரலைப் பிடித்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தது கதகதப்பாகிவிட்டால் வேலை தொடங்கிவிட்டது. கூடவே அந்தப் பகுதியில் வியர்வையும் நின்றுபோவதால் பாதம் உலர்ந்து, சிரைகள் புடைத்து, சிவந்து தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதத்தின் தொடு உணர்வு முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகள் வழியே மேலே போகிறது. ஆனால் பாதத்தின் இரத்தக் குழாய்களுக்கு உத்தரவு கொண்டுவரும் தானியங்கி நரம்புகள் தண்டுவடத்தை விட்டு வெளியே வருவது நெஞ்சுப் பகுதியின் கீழ்ப்பாதியிலும் இடுப்பின் தொடக்கத்திலும். ஆகவே விரல் சூடாகிவிட்டது என்றால் மருந்து கால் நரம்புகளை மட்டுமல்ல, தொப்புள் மட்டத்து நரம்புகளையும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாதத்தைப் பிடித்துப் பார்த்து வயிற்றைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம்.

நோயாளிக்குக் கால் சுடுவதாகத் தோன்றுவதற்கு இரத்தப் பாய்ச்சல் மட்டும் காரணமில்லை. நம் தோலில் குளிரை உணரும் முனைகள் சாதாரண வெப்பத்திலும் சும்மா இருப்பதில்லை. மெதுவாக, இடைவிடாமல், ‘கொஞ்சம் குளிர்தான்’ என்று மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஊசி போட்டதும் அந்தச் சேதி நின்றுவிடுகிறது. சேதி நின்றதை மூளை ‘கால் சூடாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. குளிர் முனைகளைப் பற்றி இவ்வளவு விவரம் தெரியவந்தது சமீபத்தில்தான். தைலம் தேய்த்தால் சில்லென்று இருப்பதற்குக் காரணமான புரதமும் குளிரை உணரும் புரதமும் ஒன்றே என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். அந்த வரிசை ஆராய்ச்சிகளுக்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியானுக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கும்போதும் குளிர்ச்சிதான் எங்கள் அளவுகோல். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை முதலில் கன்னத்தில் வைத்துக் காட்டுவேன்.

“இது எப்படி இருக்கு?”

“ஜில்லுனு இருக்கும்மா.”

தொடையில் வைத்து, “இதே மாதிரி ஜில்லுனு இருக்கா?”

“பஞ்சு படுது. ஜில்லுனு இல்ல.”

ஒரு பெரியவர் இன்னும் துல்லியமாகச் சொன்னார்: “காஞ்ச பஞ்ச வக்கிறீங்களா?” பஞ்சில் ஸ்பிரிட் சொட்டிக்கொண்டிருந்தது. தோலில் ஈரத்துக்கென்று தனி உணர்வு முனையே கிடையாது. தொடுதலையும் குளிர்ச்சியையும் சேர்த்துப் பார்த்து மூளை அதை ஈரம் என்று முடிவு செய்கிறது. குளிர்ச்சி அடங்கி, தொடுதல் மட்டும் மிஞ்சிய நிமிடத்தில் ஈரப் பஞ்சு காய்ந்த பஞ்சாகிவிடும். உணர்வு முனைகளைப் பற்றி எதுவும் படிக்காத அந்த ஐயா சொன்ன பதில், கேட்ட எனக்கே பாடமாக இருந்தது.

உடம்பை முதுகுத்தண்டின் நரம்புகள் பட்டை பட்டையாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. தொப்புள் டி10, மார்க்காம்பு டி4 (டி என்றால் நெஞ்சுப் பகுதி நரம்பு), தொடை இடுக்கு எல்1 (எல் என்றால் இடுப்பு), பாதத்தின் சுண்டுவிரல் பக்கம் எஸ்1 (எஸ் அதற்கும் கீழே). பஞ்சை மேலே நகர்த்திக்கொண்டே போய், எங்கே ‘ஜில்’ திரும்புகிறதோ அதுதான் எல்லை. முட்டியில் ஆபரேஷன் என்றால் தொப்புள் வரை இருந்தால் போதும். சிசேரியனுக்கு மார்க்காம்பு மட்டம் வரை வேண்டும். கீறுவது அடிவயிற்றில்தானே, எதற்கு நெஞ்சு வரை என்று கேட்பார்கள். தோல்தான் அடிவயிற்றில், உள்ளே வயிற்றுச் சவ்வும் குடலும் தங்கள் நரம்புகளை அதைவிட மேலே இருந்து வாங்குகின்றன. இன்னொன்று, குளிர்ச்சி தெரியாத எல்லை உயரமாக இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது எனக்குப் பிடிக்காது. மேலே சொன்ன மூன்று கோடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஜில்’ இல்லாத இடத்தில் தொடுதல் இருக்கலாம். சிசேரியனுக்கு லேசாகத் தொட்டாலும் தெரியாத எல்லை எங்கே என்று பார்ப்பதுதான் தாய்க்குப் பாதுகாப்பு. இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். சர்ஜன்கள் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

அடுத்து, குளிருது என்ற புகார். எனக்கு இந்தப் பதிவில் முக்கியமானது இதுதான்.

கால் கதகதப்பாக இருக்கிறது, நோயாளியும் சுகமாக இருக்கிறது என்கிறார். அதே நேரத்தில் உடம்பின் உள் வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி செல்சியஸ் வரை குறைவது சாதாரணம். உடம்பிலிருந்த மொத்தச் சூடு உடனே குறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பீரோவில் பூட்டி வைத்த பணத்தை எடுத்துத் திண்ணையில் பரப்பிவிட்ட கதை. தொகை அதேதான், ஆனால் போகிற வருகிறவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம். நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கால்களுக்கு வந்து, தோல் வழியாகத் தியேட்டர் காற்றுக்குப் போகிறது. வழக்கமாக இந்த நிலையில் உடம்பு என்ன செய்யும்? காலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், தசைகளை நடுக்கிச் சூடு உண்டாக்கும். முதுகு ஊசி இரண்டையும் தடுத்துவிட்டது. கால் குழாய் சுருங்காது, கால் தசை நடுங்காது. மருந்துக்கு மேலே இருக்கிற பாதி உடம்பு மட்டும் தனியாளாகப் போராடும். கை விரல்கள் சில்லிட்டுப் போகும். தோளும் தாடையும் கிடுகிடுவென்று ஆடும். ஒரே ஆளின் பாதத்தையும் கையையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தால் இரண்டு பேரைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

இன்னும் சிக்கல் என்னவென்றால், குளிர்கிறது என்று எல்லோரும் சொல்ல மாட்டார்கள். காலிலிருந்து வந்துகொண்டிருந்த குளிர்ச் சேதி நின்றுபோய்விட்டதே, மூளை ஏமாந்திருக்கிறது. உள்ளே வெப்பம் குறைந்துகொண்டிருக்க, ஆள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நடுக்கம் தொடங்கவே உடம்பு வழக்கத்தைவிடச் சுமார் அரை டிகிரி கூடுதலாகக் குளிர வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். முழு மயக்கம் கொடுக்கும்போது வெப்பநிலையைக் கவனிக்கிற பல தியேட்டர்களில் முதுகு ஊசி என்றால் தெர்மாமீட்டரை மறந்துவிடுகிறார்கள், ஆள்தான் விழித்திருக்கிறாரே என்று. விழித்திருக்கிற ஆளுக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

ஏ.சி. சண்டை எல்லாத் தியேட்டரிலும் உண்டு. கவுன், பிளாஸ்டிக் ஏப்ரன், தலைக்கு மேலே விளக்கு என்று வியர்த்துக்கொண்டிருக்கும் சர்ஜனுக்கு 18 வேண்டும். மேசையில் துணியில்லாமல் படுத்திருப்பவருக்கு அது மார்கழி. பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, பிறக்கிற குழந்தையை நினைத்துச் சொன்னது. ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நடைமுறை. சூடான காற்றை ஊதும் போர்வை, வெதுவெதுப்பாக்கிய டிரிப்ஸ், ஊசி போடுவதற்கு முன்பே கால்களைக் கதகதப்பாக வைத்திருப்பது ஆகியவை பலன் தருகின்றன. கால்கள் முன்பே சூடாக இருந்தால் உள்ளிருந்து அங்கே ஓடிவர வேண்டிய சூடு குறைவு. நடுக்கம் அதிகமானால் கொஞ்சம் டிரமடால் அல்லது பெத்திடின் கொடுப்போம், சில நிமிடங்களில் அடங்கும்.

இந்த இடத்தில் வார்டில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நடுங்கிக்கொண்டு வெளியே வருகிற அம்மாவைப் பார்த்ததும் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ரப்பர் பையிலோ பாட்டிலிலோ அடைத்துக் காலுக்கடியில் வைக்காதீர்கள். அன்பில்தான் செய்வீர்கள். ஆனால் அந்தக் காலுக்குச் சூடு தெரியாது, வலி தெரியாது, இழுத்துக்கொள்ளவும் முடியாது. பை தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. மருந்து இறங்கிய பிறகுதான் ‘காலில் எரிச்சல்’ என்பார்கள். போர்த்திவிடுங்கள், சாக்ஸ் போடுங்கள், அது போதும்.

மடங்கிய கால் கதையும் சொல்ல வேண்டும். ஊசி போடும்போது சிலரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வோம். சிலரை மேசை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்போம். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டிவிட்டாலும், கால் இன்னும் மடங்கியோ தொங்கியோ இருப்பதாகவே சிலருக்குத் தோன்றும். கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூட்டுகளும் தசைகளும் அனுப்பும் தகவல் நின்றுபோனதும் மூளை தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு நிலையை வைத்துக்கொள்கிறது. ஒருமுறை மருந்து தடவிச் சுத்தம் செய்வதற்காக உதவியாளர் ஒரு நோயாளியின் காலை உயரத் தூக்கினார். திரைக்கு மேலே எட்டிய பாதத்தைப் பார்த்து, “அது யாரு காலு?” என்று கேட்டார் அந்த அம்மா. அவருடைய கால் மேசையில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பார். மருந்து இறங்க இறங்க இந்த மாயம் தானாகவே போய்விடும்.

வயிற்றுக்குள் இழுக்கிற உணர்வு, குமட்டல் ஆகியவை சிசேரியனில் அடிக்கடி வரும். வயிற்றுறுப்புகளிலிருந்து ஒரு நரம்பு தண்டுவடத்தைத் தொடாமலேயே கழுத்து வழியாக மூளைக்குப் போகிறது. முதுகில் போட்ட மருந்து அதை எட்டாது. குழந்தையை வெளியே எடுக்கும்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி அழுத்தம் தெரிந்தால் அதுவும் எதிர்பார்த்ததுதான். குமட்டலோடு கண் இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். குழாய்கள் தளர்ந்ததால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், அதற்கு மருந்து கையிலேயே இருக்கும். மூச்சே விடவில்லை போலிருக்கிறது என்பார்கள் சிலர். நெஞ்சுத் தோலும் விலா எலும்பு அசைவும் தெரியாததால் வரும் தோற்றம் பெரும்பாலும். மூச்சுக்கு முக்கியமான உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. அப்போது நான் பேச்சுக் கொடுப்பேன், கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். குரல் கணீரென்று வந்து, பிடி உறுதியாக இருந்தால் கவலையில்லை. மூக்கு அரித்தால் மருந்தோடு சேர்த்துப் போட்ட சிறிதளவு ஃபென்டனில் காரணம். சொறிந்துகொள்ளலாம்.

ஆகவே நான் இப்போதெல்லாம் ஊசி போடும் முன் சொல்வது வேறு. “கால் சூடாகும், கனமாகும். தொட்டா தெரியும், இழுத்தா தெரியும், அமுக்குனா தெரியும். வெட்டுற வலி மட்டும் தெரியாது. வலிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திட்டு நான் பாத்துக்கிறேன்.” கடைசி வாக்கியம் சும்மா ஆறுதலுக்கு இல்லை. உண்மையிலேயே வலி என்று ஒருவர் சொன்னால் அது வலிதான். இழுக்கிறதைத்தான் வலி என்கிறீர்கள் என்று வாதாடுவது மருத்துவம் இல்லை. கூடுதல் மருந்து உண்டு, முழு மயக்கம் உண்டு.

வலைப்பதிவுக்கு வருகிற கேள்விகளில் பாதி இரண்டு விஷயங்களைப் பற்றியவை, அதையும் முடித்துவிடுகிறேன். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி வருமா? குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு இந்த ஊசியைக் குற்றம்சாட்ட ஆதாரம் இல்லை. கர்ப்பத்தின் எடை, குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வது, தூக்கமின்மை என்று காரணங்கள் வேறு இருக்கின்றன. தலையணை இல்லாமல் அசையாமல் ஒரு நாள் படுத்திருந்தால் தலைவலி வராதா? அப்படிப் படுத்திருப்பது தலைவலியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பியருக்கு வந்த அதே தலைவலி இன்றும் சிலருக்கு வருகிறது, மெல்லிய ஊசியால் மிகவும் குறைந்திருக்கிறது. எழுந்தால் கடுமையாகி, படுத்தால் குறைகிற தலைவலி என்றால் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு கிடக்காமல் ஊசி போட்ட மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உணர்வு திரும்புவது பொதுவாக மேலிருந்து கீழே. வயிறு முதலில், பிறகு தொடை, பாதம். உட்காரும் இடத்தின் தோலும் சிறுநீர்ப்பையும் கடைசி வரிசை. கால் விரல் ஆடுகிறதே என்று உடனே எழுந்து கழிவறைக்கு நடக்க வேண்டாம். இரத்தக் குழாய்கள் முழுசாகப் பழைய பிடிக்கு வராமல் இருந்தால் நின்றதும் கிறுகிறுத்து விழுவீர்கள். முதலில் கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். சிறுநீர்க் குழாய் போடாதவர்கள் ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அடிவயிறு நிறைந்திருப்பதும் அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.